ஒரே ஆளாகக் குறும்படம்: கையில் இருக்கும் கேமராவில் நல்ல பிம்பம் வாங்குவது எப்படி

2010ல் வெளிவந்த ஆரி அலெக்சா என்ற சினிமா கேமரா 4கே (குறுக்கே ஏறக்குறைய நாலாயிரம் பிக்சல்) பதிவு செய்யாது. அதில் எடுத்த படங்கள் உலகமெங்கும் பெரிய திரைகளில் ஓடின, ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் விருதும் வாங்கின. இன்றைக்கு நடுத்தர விலை போன்கள் பலவும் 4கே எடுக்கின்றன. ஆனாலும் அதில் எடுத்த குறும்படத்தைப் பார்த்த மாத்திரத்தில் 'இது போன்ல எடுத்தது' என்று சொல்லிவிடுகிறோம். பிக்சல் குறைந்ததால் அப்படித் தெரிவதில்லை. முகம் இருட்டாக இருக்கிறது, பின்னால் ஜன்னல் வெளுத்துப் போயிருக்கிறது, கேமரா ஓடும்போதே தானாக நிறத்தை மாற்றிக்கொள்கிறது, பேசுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. இவை எதற்கும் புது கேமரா மருந்தாகாது.

கேமரா, லைட், சவுண்ட் எல்லாம் ஒருவரே பார்த்துக்கொண்டு, கையில் பெரிய பணமும் இல்லாமல், ஐந்து நிமிடப் படம் ஒன்றை ஒழுங்காக எடுக்க விரும்புகிறவருக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு ஒரு டெய்லர் கடையை எடுத்துக்கொள்வோம். கடை வைத்திருக்கும் பெரியவரைப் பற்றி ஒரு சின்ன ஆவணப்படம். கதைப்படம் எடுப்பவருக்கும் இதே வேலைகள்தான்.

முதலில் கேமரா

நல்ல போன் இருந்தால் முதல் படத்தை அதிலேயே எடுங்கள். பின்பக்கப் பிரதான லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். அகலமாகக் காட்டும் லென்ஸுக்கும் செல்ஃபி கேமராவுக்கும் பின்னால் இருக்கும் சென்சார், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு, பெரும்பாலும் சிறியது. வெளிச்சம் குறைந்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். விரலால் ஜூம் செய்யாமல் நாலடி நடந்து கிட்டே போங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன் லென்ஸைத் துடையுங்கள். சட்டைப் பையில் கிடந்த போனில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். விளக்கைச் சுற்றிப் புகை மண்டியது போல் தெரிவது அதனால்தான்.

போனோடு வரும் கேமரா ஆப் எல்லாவற்றையும் தானே முடிவு செய்யப் பார்க்கும். அதை ஒதுக்கிவிட்டு, ஷட்டரையும் (ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம்) ஐஎஸ்ஓவையும் (வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டும் என்ற எண்) நீங்களே வைக்க விடும் ஆப் ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம்; ஐபோனுக்கு 2023லும் ஆண்ட்ராய்டுக்கு 2024லும் வந்தது. உங்கள் ஆண்ட்ராய்டு போனில் அது ஓடாவிட்டால் ஓப்பன் கேமரா இருக்கிறது, அதுவும் இலவசம்.

லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா, அதாவது பழைய டிஎஸ்எல்ஆரோ மிர்ரர்லெஸ்ஸோ வாங்குவதானால், காசு கொடுக்கும் முன் அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு சோதித்துப் பாருங்கள். விளம்பரத் தாளில் இருக்கும் எண்களைவிட இந்தச் சோதனை உண்மை பேசும்.

பொடிக் கட்டம் போட்ட சட்டை ஒன்றைப் பத்தடி தள்ளி வைத்து எடுங்கள். துணியில் இல்லாத வானவில் அலைகள் நெளிந்தால், அந்தக் கேமரா சென்சாரின் வரிகளை விட்டுவிட்டுப் படிக்கிறது என்று பொருள். 2008ல் வந்த கேனான் 5டி மார்க் 2 இப்படித்தான். முழு அளவு சென்சாரில் முழு எச்டி வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர், தனியாகப் படம் எடுக்கிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட கேமரா. ஆனால் கட்டச் சட்டையும் ஓட்டுக் கூரையும் அதற்கு ஆகாது. டெய்லர் கடையில் எங்கு திரும்பினாலும் துணி என்பதால் நம் படத்துக்கு இந்தச் சோதனை முக்கியம்.

அடுத்து, கதவு நிலையைப் பார்த்தபடி கேமராவை விருட்டென்று பக்கவாட்டில் திருப்புங்கள். நிலை எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு நிதானமாகத்தான் அந்தக் கேமராவை நீங்கள் நகர்த்த முடியும். பிறகு ஒரு மங்கலான அறையில் உங்கள் கையையே எடுங்கள்: ஐஎஸ்ஓ 800, 1600, 3200 என்று ஒவ்வொன்றிலும் பத்து நொடி. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் முழுத் திரையில் பாருங்கள். தோல் எந்த எண் வரை தோலாகத் தெரிகிறதோ அதுதான் உங்கள் உச்ச வரம்பு. அந்த எண்ணை எழுதி கேமரா அடியில் ஒட்டிவிடுங்கள். கடைசியாக, நிறுத்தாமல் ஓட விடுங்கள். பல பழைய கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் நின்றுவிடும். அது பழுதில்லை. அரை மணிக்கு மேல் பதிவு செய்யும் கருவியை ஐரோப்பிய சுங்க விதி வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு கூடுதல் வரி போட்டதால், கம்பெனிகளே வைத்த வரம்பு அது. அதற்கு முன்பே சூடாகி நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

லென்ஸ் ஒன்று போதும் என்றால், 50 மிமீ எஃப் 1.8 வாங்குங்கள் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது, உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்). பெரும்பாலான கம்பெனிகளிலும் விலை குறைந்த நல்ல லென்ஸ் இதுதான். முழு அளவைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் இது ஏறக்குறைய 75 மிமீ போலக் காட்டும். முகத்துக்கும் கைகளுக்கும் அருமை. சின்னக் கடைக்குள் முழு அறையைக் காட்ட மட்டும் இடம் போதாது. அதற்குக் கேமராவோடு வரும் கிட் லென்ஸே சமாளிக்கும்.

எதையும் ஆட்டோவில் விடாதீர்கள்

படம் அமெச்சூராகத் தெரிவதற்குப் பாதிக் காரணம், ஷாட் நடுவில் கேமரா மனசு மாறுவது. பெரியவர் வெள்ளைத் துணியை விரித்ததும் படம் இருட்டாகும், மடித்ததும் மறுபடி வெளிச்சமாகும். இதைத் தடுக்க நான்கு விஷயங்களைக் கையால் வைத்துப் பூட்ட வேண்டும்.

பிரேம் வேகம் நொடிக்கு 25, ஷட்டர் 1/50 நொடி. இந்தியாவிலும் இலங்கையிலும் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் டியூப்லைட்டும் விலை குறைந்த எல்இடி பல்பும் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. 1/50 அல்லது 1/100 ஷட்டரில் ஒவ்வொரு பிரேமுக்கும் முழு மினுக்கல்கள் கிடைப்பதால் வெளிச்சம் சீராக இருக்கும். 1/60 வைத்தீர்களானால் படம் லேசாகத் துடிக்கும், பட்டை பட்டையாக நிழல் ஓடும். அமெரிக்காவில் 60 சுற்று. அங்கிருந்து வரும் யூடியூப் பாடங்கள் 30 பிரேம், 1/60 என்று சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. ஐபோனில் 25 பிரேம் தெரியாவிட்டால், கேமரா செட்டிங்கில் வீடியோ பதிவுப் பகுதிக்குள் போய் 'பால்' (PAL) வடிவங்களைக் காட்டும்படி இயக்குங்கள்.

வெட்டவெளி வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும். அப்போது ஷட்டரை 1/2000க்கு ஏற்றத் தோன்றும். ஏற்றினால் அசைவெல்லாம் வெட்டு வெட்டாகத் தெரியும், விசிறி போலச் சுற்றுவது நின்று நின்று போகும். அதற்குப் பதிலாக லென்ஸ் முன்னால் என்டி பில்டர் என்ற, வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடியைப் போடுங்கள். நடுப்பகல் வெயிலில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 100, 1/50 என்று எடுக்க 64ல் ஒரு பங்கு வெளிச்சத்தை மட்டும் விடும் பில்டர் தேவைப்படும். போனுக்கும் மாட்டும் விதமாக விற்கிறார்கள். வாங்க முடியாவிட்டால் நிழலுக்கு வாருங்கள், அதில் குறையொன்றும் இல்லை.

ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியச் செய்யும் நிற அமைப்பை, கெல்வின் எண்ணாக வையுங்கள். பகல் வெளிச்சத்துக்கு 5600, மஞ்சள் பல்புக்கு 3000 அளவில், நம் வீட்டு வெள்ளை எல்இடிக்கு 6500 பக்கம். எந்த எண் என்பதைவிட, ஒரு காட்சி முழுக்க ஒரே எண் என்பது முக்கியம். நிறம் கொஞ்சம் தப்பினாலும் எல்லா ஷாட்டிலும் ஒரே மாதிரி தப்பியிருந்தால் எடிட்டில் ஒரே தட்டில் சரியாக்கலாம்.

ஐஎஸ்ஓவை, கேமரா அடியில் ஒட்டி வைத்த எண்ணுக்குக் கீழே வையுங்கள். போகஸை முகத்தில் வைத்துப் பூட்டுங்கள். கேமரா மெனுவில் ஷார்ப்னெஸ் என்று இருந்தால் கடைசி வரை குறையுங்கள். 'வீடியோத்தனமாக' முடியோரங்களில் வெள்ளைக் கோடு வருவது அதனால். லாக் என்ற சாம்பல் நிறப் பதிவை 10 பிட் கேமரா இருந்தால் மட்டும் தொடுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான், 10 பிட்டில் 1024. 8 பிட் லாக்கை எடிட்டில் இழுத்தால் சுவரும் வானமும் படிக்கட்டாகப் பிரிந்துவிடும். சாதாரண வண்ணத்திலேயே, காண்ட்ராஸ்டை இரண்டு புள்ளி குறைத்து எடுங்கள்.

வெளிச்சம்: இங்கேதான் படம் பிறக்கிறது

டெய்லர் கடைக்குள் வருவோம். பத்தடிக்குப் பத்தடி. தெருப் பக்கம் வாசல், உள்ளே தலைக்கு மேல் ஒரு டியூப்லைட், வாசலைப் பார்த்து மிஷின். பார்த்த உடனே எல்லோரும் செய்வது, கடைக்குள்ளே நின்றுகொண்டு வாசல் பக்கமாகக் கேமராவைத் திருப்புவது. பின்னால் தெரு வெயில் எரியும், பெரியவர் கரிய நிழலாவார். இல்லையென்றால் வாசலில் நின்று நேராக உள்ளே பார்ப்பார்கள். முகம் முழுக்க ஒரே வெளிச்சம் விழும், பாஸ்போர்ட் போட்டோ போல மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும்.

முதலில் டியூப்லைட்டை அணையுங்கள். மேலிருந்து விழும் அந்த வெளிச்சம் கண்குழியை இருட்டாக்குகிறது. வாசல் வெளிச்சத்தோடு கலந்து நிறத்தையும் குழப்புகிறது. இப்போது கடைக்குள் ஒரே ஒரு வெளிச்சம்தான்: வாசல். பெரியவரைக் கேட்டு மிஷினைப் பக்கவாட்டில் திருப்புங்கள், வாசல் அவருடைய இடது தோள் பக்கம் வரும்படி. நீங்கள் அவருக்கு எதிரே, கொஞ்சம் அவருடைய வலப்பக்கமாக, கடையின் உள்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். வாசல் பக்கக் கன்னம் பளிச்சென்று இருக்கும், உங்கள் பக்கம் மெதுவாக நிழலுக்குள் இறங்கும். முகத்தில் உருவம் வந்துவிட்டது.

நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால் வெள்ளைத் தெர்மாகோல் அட்டை ஒன்றை அந்தப் பக்கம், பிரேமுக்கு வெளியே, நாற்காலியில் சாய்த்து வையுங்கள். பெரிய பட்ஜெட் சினிமாவிலும் இதே தெர்மாகோல்தான் பவுன்ஸ், அதாவது பட்டுத் திரும்பும் வெளிச்சம், கொடுக்கிறது. அட்டையைக் கிட்டே கொண்டுவந்தால் நிழல் மென்மையாகும், தள்ளினால் அழுத்தமாகும். கேமராத் திரையில் பார்த்துக்கொண்டே அட்டையை நகர்த்துங்கள். தையல்காரரின் கண்ணுக்குள் வாசல் ஒரு சின்ன வெள்ளைச் சதுரமாகத் தெரிகிறதா? தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம், கண்ணுக்கு உயிர் வந்துவிட்டது.

வாசலில் நேர் வெயில் அடித்தால் அரை வேட்டி ஒன்றைக் கட்டி மறையுங்கள். வெளிச்சம் தரும் பெரிய பரப்பும் கிடைக்கும், வெயிலின் சூடும் தணியும். இதைத்தான் படப்பிடிப்பில் ஸ்கிம்மர் என்று சட்டத்தில் கட்டி நிறுத்துகிறார்கள். காலை ஒன்பது மணிக்குள், அல்லது மாலை நாலு மணிக்கு மேல் போங்கள். உச்சி வெயில் நேரத்தை ஊசி, பாபின், கத்தரி, விரல் என்று உள்ளே எடுக்கும் நெருக்க ஷாட்டுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுக் காட்சிக்கு லைட் வாங்கத்தான் வேண்டும் என்றால், சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற எண்) 95க்கு மேல் போட்டிருக்கும் ஒரே ஒரு எல்இடி போதும். சாதாரண வீட்டு பல்பு 80 அளவில் இருக்கும். அதில் சிவப்பு குறைவதால் தோல் சாம்பல் பூத்தாற்போல் ஆகிவிடும். லைட் மங்கலாக இருந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றாமல் லைட்டைக் கிட்டே கொண்டுவாருங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் ஏறக்குறைய நாலு மடங்காகும்.

நம் முகங்களின் நிறம்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேமராவின் ஆட்டோ அளவுகோல் பிரேம் முழுவதையும் ஒரு நடுச்சாம்பலாக்கப் பார்க்கிறது. வெள்ளைச் சுவர் முன்னால் கருத்த முகம் உட்கார்ந்தால் சுவரைச் சாம்பலாக்கி முகத்தைக் கரியாக்கிவிடும். கருத்த துணி அடுக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் முகத்தை வெளுக்க வைக்கும். இரண்டும் அவர் முகமில்லை.

வெளிச்சம் நாம் வைத்த அளவைத் தொட்ட இடத்தில் கேமராத் திரையில் தோன்றும் ஜீப்ரா கோடுகளை 70 சதவீதத்தில் வைத்து, முகத்தில் அவை தெரிந்தால் சரி என்று பழைய பாடங்களில் சொல்வார்கள். அது வெள்ளையர் தோலுக்குப் போட்ட கணக்கு. நம்மவர் முகத்தை அந்த அளவுக்கு ஏற்றினால் மண் வாசமே போய்விடும். கருத்த தோலுக்கு 45லிருந்து 55 வரை வைத்துப் பாருங்கள். அதைவிட முக்கியமாக, கருத்த தோல் வெளிச்சத்தைப் பளபளப்பாகத் திருப்பித் தரும். அதற்கு வாசலோ வெள்ளைத் துணியோ போலப் பெரிய வெளிச்சம் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஓடும் அந்த நீள ஒளிதான் முகத்தைச் செதுக்கிக் காட்டுகிறது. எடிட்டில் முகத்தை வெளுப்பாக்கும் பில்டர்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். அவர் எப்படி இருக்கிறாரோ அப்படியே அழகாக இருக்கிறார்.

குரல்

படம் கொஞ்சம் மங்கினால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார்கள். கேமராவின் மைக் உங்கள் மூச்சையும் தெருவையும்தான் பிடிக்கும். வயரோடு வரும் காலர் மைக் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. தாடைக்கு ஒரு சாண் கீழே சட்டையில் குத்துங்கள், இன்னொரு போனில் மாட்டி அவர் பாக்கெட்டில் வைத்துப் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது கேமரா முன்னால் ஒரு தடவை கை தட்டுங்கள். எடிட்டில் அந்தச் சத்தத்தை வைத்துப் படத்தையும் குரலையும் பொருத்தலாம். ஒலி மீட்டரின் உச்சம் கழித்தல் 12 டெசிபல் பக்கம் இருக்கட்டும்.

பேசும்போது மின்விசிறியை அணைக்கச் சொல்லுங்கள். வீட்டில் எடுத்தால் பிரிட்ஜையும் அணைத்துவிட்டு, உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளே வையுங்கள். போகும்போது மறக்காமல் போட்டுவிட்டுப் போவீர்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் முப்பது நொடி அறையின் வெறும் சத்தத்தைப் பிடியுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளியை நிரப்ப அது வேண்டும். மிஷின் ஓடும் சத்தத்தைத் தனியாக, கிட்டே மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள். பாதிப் படம் அந்தச் சத்தத்தில் நிற்கும்.

தனியாக ஷாட் எடுக்கும்போது

ட்ரைபாட் போடுங்கள், நடுக்கம்பியில் பையைத் தொங்கவிடுங்கள். ஒரு வேலையை ஐந்து விதமாக எடுங்கள்: கை, முகம், கையும் முகமும் சேர்ந்த நடு ஷாட், தோளுக்குப் பின்னாலிருந்து, அப்புறம் முழுக் கடை. ஒவ்வொன்றையும் அசையாமல் பத்து நொடி வைத்திருங்கள். இவை இருந்தால் எங்கு வேண்டுமானாலும் வெட்டலாம். ஷாட் வரிசையை வெளிச்சத்தின்படி போடுங்கள், கதைப்படி போடாதீர்கள். வாசல் வெளிச்சம் நல்லாயிருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முகம் தெரியும் ஷாட் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

நீங்களே நடிப்பதானால், நீங்கள் உட்காரும் இடத்தில் ஸ்டூல் மேல் செய்தித்தாளை நிறுத்தி, எழுத்துகளில் போகஸ் பிடித்துப் பூட்டுங்கள். தரையில் சாக்பீஸால் கால் வைக்கும் இடத்தைக் குறியுங்கள். லென்ஸை எஃப் 4 அல்லது 5.6க்கு மூடினால் அரையடி முன்பின் போனாலும் தெளிவு போகாது.

ட்ரைபாட் காலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி இதை எழுதி வையுங்கள்: லென்ஸ் துடைத்தாச்சா, கார்டில் இடம், பேட்டரி, ஒயிட் பேலன்ஸ், போகஸ், மைக் ஓடுதா. உதவிக்கு ஆள் இல்லாதவருக்கு அந்த ஸ்டிக்கர்தான் உதவி இயக்குநர். ரயில் நிலையத்திலும் தொல்லியல் துறை பராமரிக்கும் கோயில்களிலும் ட்ரைபாட் விரிக்கும் முன் அனுமதி வாங்க வேண்டும். கடைக்காரரிடமும் படம் எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லிவிட்டு எடுங்கள்.

கார்டு, எடிட், ஏற்றுமதி

100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்) பதிவில் ஒரு நிமிடத்துக்கு 750 எம்பி ஆகும். 64 ஜிபி கார்டு ஏறக்குறைய 85 நிமிடம் தாங்கும். கார்டில் வி30 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்ற உறுதி அது. 4கே இருந்தால் 4கேயில் எடுத்து 1080ல் முடியுங்கள். புள்ளிகள் அடங்கும், தேவைப்பட்டால் பிரேமை உள்ளே இழுத்து வெட்டிக்கொள்ளலாம்.

எடிட்டுக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே போதும். கம்ப்யூட்டர் திணறினால் ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டுமான சிறிய நகல்கள், போட்டுக்கொள்ளுங்கள். போன் வீடியோவில் ஒரு சிக்கல் உண்டு: நொடிக்கு எத்தனை பிரேம் என்பது சீராக இல்லாமல் ஏறி இறங்கும், நீளமான பேட்டியில் உதடும் குரலும் மெல்ல விலகும். எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான 25 பிரேமாக மாற்றிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

நிறத்தில் கை வைக்கும்போது முதலில் எல்லா ஷாட்டிலும் முகத்தைச் சமமாக்குங்கள், அப்புறம்தான் 'லுக்' எல்லாம். யூடியூபுக்கு 1080 வீடியோ என்றால் 8 எம்பிபிஎஸ் போதும் என்று அவர்களே சொல்கிறார்கள். அது குறைந்த அளவு என்று வைத்துக்கொண்டு 20 கொடுங்கள், அவர்கள் மறுபடி சுருக்கும்போது சேதம் குறையும். ஏற்றுமதி முடிந்ததும் முழுப் படத்தையும் ஒரு சாதாரண போனில், இயர்போன் இல்லாமல், வெயிலில் நின்று ஒரு தடவை பாருங்கள். முகம் தெரிகிறதா, ஒவ்வொரு சொல்லும் கேட்கிறதா என்று அங்கேதான் தெரியும்.

மூலக் கோப்புகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து, இரண்டையும் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகு கார்டை அழியுங்கள். முடிந்த படத்தின் ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு அந்தப் பெரியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.